விசாரிக்காமல் எழுதிய தீர்ப்பு

துப்பறியும் நாவல் எழுதுகிறவருக்குத் தொழில் உண்டு, கலை கிடையாது. அவர் எழுதியது ஒரே ஒரு நாவல், அதைத்தான் ஆள் பெயரையும் ஊர் பெயரையும் மாற்றி ஆயுள் முழுக்க எழுதுகிறார். தமிழ் இலக்கிய வட்டாரம் அரை நூற்றாண்டாகக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருக்கும் கருத்து இது. மணலி புதுநகரில் உட்கார்ந்து மர்மக் கதை எழுதும் நான் இதை மறுக்கிறேன். இந்தக் கருத்து தவறு என்பது என் முதல் வாதம். எந்தச் சீரழிவைக் காட்டி அது முகம் சுளிக்கிறதோ, அந்தச் சீரழிவை வளர்த்ததில் அதற்கே பெரிய பங்கு உண்டு என்பது இரண்டாவது வாதம்.

எதிர்த்தரப்பைக் குறைத்துச் சொல்லி ஜெயிக்க எனக்கு விருப்பமில்லை. அவர்கள் கேட்பது நியாயமாகவே தொனிக்கும். மாதந்தோறும் நாவல் எழுதினால் நிதானம் எங்கிருந்து வரும்? ராஜேஷ்குமார் எழுதியவை 1500-க்கும் மேல். ஒரு மனிதரால் அத்தனையையும் யோசித்து எழுத முடியுமா? விவேக், பரத், நரேந்திரன் என்று துப்பறிகிற நாயகர்கள் யாருக்கும் வயதாவதில்லை, பட்ட அனுபவம் மனதில் தங்குவதுமில்லை. கொலை, சந்தேகம், திருப்பம், கடைசியில் விளக்கம் என்று எல்லாம் ஒரே வார்ப்பு. கொலையாளி யாரென்று தெரிந்தபின் புத்தகத்தில் மிச்சம் ஒன்றும் இல்லை. இந்த வகையே லண்டனிலிருந்து வந்த இறக்குமதி. எங்கள் பகுதியைக் குறித்து இன்னொன்றும் சேர்த்துக்கொள்கிறார்கள்: வடசென்னையில் மர்மத்துக்கு என்ன வேலை? இங்கே கொலை விழுந்தால் யார் செய்தது என்று தெருவுக்கே தெரியுமே.

இதில் உண்மை கலந்திருக்கிறது. கலக்காத பொய் இத்தனை காலம் நிற்காது. ஆகவே ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று. வேகமாக எழுதியது தரமாக இருக்காது என்று யார் சொன்னது? தஸ்தயெவ்ஸ்கி 1866-இல் 'சூதாடி'யை 26 நாளில் சுருக்கெழுத்தாளரிடம் சொல்லி முடித்தார். பதிப்பாளரிடம் போட்ட ஒப்பந்தம் கழுத்தில் கத்தியாக இருந்தது. அதே ஆண்டில்தான் 'குற்றமும் தண்டனையும்' பத்திரிகையில் தொடராக வந்துகொண்டிருந்தது. பெல்ஜியத்துக்காரர் சிம்னோன், மெக்ரே என்ற போலீஸ் அதிகாரியை வைத்து மட்டும் 75 நாவல் எழுதினார். ஒரு நாவலுக்குப் பெரும்பாலும் இரண்டு வாரம்கூடப் பிடித்ததில்லை. அவரை வியந்து படித்தவர் நோபல் பரிசு பெற்ற ஆந்த்ரே ழீத். தஸ்தயெவ்ஸ்கியின் அவசரத்தைக் கதையாகச் சொல்லி மகிழ்கிறவர்கள், கோயம்புத்தூர்க்காரர் ஒருவரின் அவசரத்தை மட்டும் குற்றப்பத்திரிகையில் ஏற்றுவது எந்த நியாயம்?

அவசரம் கெடுக்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை. கெடுத்திருக்கிறது. எங்கே கெடுத்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். 1969-இல் 'ராணிமுத்து' தொடங்கியபின், ஒரு நாவல் முழுவதும் ஒரே இதழில், பஸ் நிலையக் கடையில் கிடைக்கும் விலையில் என்ற ஏற்பாடு வேரூன்றியது. 'மாலைமதி', 'க்ரைம் நாவல்', 'பாக்கெட் நாவல்' எல்லாம் அந்த வழியில் வந்தவை. இந்த வகை இதழில் கதையின் நீளத்தைக் கதை தீர்மானிப்பதில்லை. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். எத்தனை ஃபாரம் என்பது முதல் வரி எழுதுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. எண்பது பக்கம் நிதானமாக நடந்த விசாரணை கடைசி ஃபாரத்தில் மூச்சிரைக்க ஓடுவது அதனால்தான். கொலையாளியே வரிசையாக எல்லாவற்றையும் ஒப்பித்து முடிக்கும் அந்த அத்தியாயத்தைப் படித்துச் சலித்திருக்கிறோம். அது எழுதுகிறவரின் கற்பனை வறண்டதால் வந்தது என்று சொல்லிவிடுவது சுலபம். காகிதம் வறண்டதால் வந்தது என்பதை அச்சகத்தில் ஒரு மாதம் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள்.

வாரத் தொடர் இதைவிடக் கடினம். இரண்டாம் வாரம் அச்சேறிவிட்டது. ஏழாம் வாரத்தில் கதைக்கு ஒரு சாட்சி தேவைப்படுகிறது. திரும்பிப்போய் அந்த ஆளை இரண்டாம் வாரத்தில் நட்டு வைக்க முடியாது. சுஜாதாவின் 'நைலான் கயிறு' 1968-இல் குமுதத்தில் வந்தது. 'கொலையுதிர் காலம்' 1981-இல் அங்கேதான் வந்தது. இடையே அவர் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். அழித்து எழுத வழியில்லாத ஏற்பாட்டில், வாசகரை வாரம் தவறாமல் பிடித்து வைத்து, முடிச்சையும் சரியாக அவிழ்த்தது கைத்திறன் இல்லையென்றால் வேறு எது கைத்திறன்?

இரண்டு. விதி இருந்தால் கலை இல்லையா? வெண்பாவுக்கு விதி உண்டு. தளை தட்டினால் வெண்பாவே இல்லை. அதற்காக வெண்பா பாடியவரை யாரும் வார்ப்படத் தொழிலாளி என்று சொன்னதில்லை. மர்ம நாவலின் விதி வெண்பாவைவிடக் கண்டிப்பானது: துப்பறிகிறவர் கண்ட எல்லாவற்றையும் வாசகரும் கண்டிருக்க வேண்டும், ஆனாலும் வாசகர் பிந்த வேண்டும். இங்கிலாந்தில் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929-இல் இந்த நேர்மையைப் பத்துக் கட்டளைகளாகவே எழுதி வைத்தார். மறைப்பது யாருக்கும் வரும். திறந்த இடத்தில் வைத்துவிட்டு மறைப்பதுதான் வருடக்கணக்கில் கற்க வேண்டியது.

எங்கள் ஊரை வைத்தே அதைக் காட்டுகிறேன். மணலி ஆலைகள் புதுநகருக்குத் தெற்கே இருக்கின்றன. பங்குனியிலும் சித்திரையிலும் தெற்கத்திக் காற்று எழும்போது நெடி எங்கள் வீட்டுக்குள் வரும். மார்கழியில் வாடை வீசும். நெடி எங்களை விட்டுவிட்டு மாதவரம் பக்கம் போகும். ஒரு மார்கழி இரவில் கொலை நடக்கிறது என்று வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார்: "அன்னிக்கு ஒரே கேஸ் நாத்தம் சார், ஜன்னலைச் சாத்திட்டுப் படுத்துட்டோம், ஒரு சத்தமும் கேக்கல." வாசகர் இதை வழக்கமான ஊர்ப் புலம்பல் என்று கடந்துவிடுவார். ஆனால் அவர் சொல்வது பொய். அதை வாசகருக்கு எங்கே சொல்வது?

மூன்று அத்தியாயத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும். அந்த இரவு விடிந்த காலையில் ஒரு பெண் வாசலில் கோலம் போடுகிறாள். விரலிலிருந்து விழும் மாவு தெற்கே பறந்து கோடு கலைகிறது. அவள் வடக்குப் பக்கமாக உட்கார்ந்து காற்றை மறித்துக்கொள்கிறாள். இதைப் பத்தியின் முடிவில் வைத்தால் வாசகர் கண் அங்கேயே நின்றுவிடும். தண்ணீர் லாரி வந்து குடத்துக்குச் சண்டை மூளும் வரிகளுக்கு நடுவே வைக்க வேண்டும். சண்டையும் சுவையாக இருக்க வேண்டும், கதைக்கும் வேண்டியதாக இருக்க வேண்டும்; வெறும் திரையாக நின்றால் கூர்மையான வாசகர் ஐந்து நிமிடத்தில் மோப்பம் பிடித்துவிடுவார். காற்று, கோலம், குடம், பேச்சு நான்கும் ஊரின் உண்மையிலிருந்து வர வேண்டும். இல்லாவிட்டால் துப்பும் செல்லாது. எதார்த்தவாத நாவலாசிரியர் ஊரைத் தவறாக எழுதினால் ஒரு பத்தி கெடும். மர்மக் கதைக்காரர் தவறாக எழுதினால் வழக்கே உடையும்.

பாத்திரம் வளர்வதில்லை என்பது பாதி உண்மை. துப்பறிகிறவருக்கு வயதாகாமல் இருக்கலாம். எழுதுகிறவரின் கை மாறிக்கொண்டே இருக்கிறது. 'நைலான் கயிறு' நாவலில் துப்பறியும் வக்கீல் கணேஷ் தனியாள். பின்னால் ஜூனியர் வசந்த் வந்து சேர்ந்தபோது சுஜாதாவுக்குக் கிடைத்தது ஒரு விளையாட்டுப் பிள்ளை மட்டுமல்ல, யோசனையைப் பேச்சாக மாற்றும் வழி. 'கொலையுதிர் கால'த்தில் பேயா, அறிவியலா என்ற வழக்கையே அவர் அந்த இருவருக்குமிடையே பிரித்துக் கொடுத்துவிட்டார். பதின்மூன்று ஆண்டில் நடந்த இந்த மாற்றத்தை உட்கார்ந்து ஆராய வேண்டியது விமர்சகரின் வேலை.

மூன்று. கொலையாளி தெரிந்தபின் மிச்சம் இல்லை என்பது ஒருமுறை மட்டும் படித்தவர்களின் வாக்குமூலம். நல்ல மர்ம நாவலை இரண்டாம் முறை படிக்கும்போதுதான் எந்த வரியில் நம் கண்ணைக் கட்டினார்கள் என்று தெரிகிறது. எழுதக் கற்றுக்கொள்கிறவருக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை.

நான்கு. இறக்குமதி என்றால் எது இறக்குமதி இல்லை? நாவல் என்ற வடிவமே கப்பலில் வந்ததுதான். முதல் தமிழ் நாவலின் நாயகன் பிரதாப முதலியாரை அதற்காக யாரும் துறைமுகத்தில் நிறுத்தி வைக்கவில்லை. பண்டித நடேச சாஸ்திரி 'தானவன்' என்ற போலீஸ் நிபுணனின் கதைகளை 1894-இலேயே எழுதினார். ஆரணி குப்புசாமி முதலியார் நிறையத் தழுவி எழுதினார், உண்மைதான். ஆனால் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'கும்பகோணம் வக்கீல்' லண்டன் மூடுபனியில் நடக்கிற கதையா? வை.மு. கோதைநாயகி பள்ளிக்கூடம் போகாதவர். முதல் நாடகத்தைத் தோழி பட்டம்மாளிடம் வாயால் சொல்லி எழுதவைத்தவர். அடுத்த ஆண்டே, 1925-இல், 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தத் தொடங்கி 'வைதேகி' என்ற துப்பறியும் நாவலை அதில் தொடராக எழுதினார். தொடர்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள். ஒரு மர்மக் கதை எழுத்தாளரின் கை எப்படி வளர்ந்தது என்று ஆராய இதைவிடத் தெளிவான வாழ்க்கை வேண்டுமா?

1940-களில் தேவன் 'துப்பறியும் சாம்பு'வை எழுதினார். அசடாகத் திரிந்து, அதிர்ஷ்டத்தால் கண்டுபிடிக்கும் சாம்புவை வாசகர்கள் கொண்டாடினார்கள். ஒரு வகையின் விதிகள் வாசகருக்கு அத்துப்படியான பிறகுதான் அதைக் கேலி செய்யும் பாத்திரம் பிறக்க முடியும். அதாவது, இறக்குமதி என்று இன்னும் சொல்லப்படுகிற இந்த வகை, எண்பது ஆண்டுக்கு முன்பே நம் வீட்டுத் திண்ணையில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

இன்னும் பின்னால் போக வேண்டுமா? திருவிளையாடற் புராணத்தில் பழியஞ்சின படலம் இருக்கிறது. ஆலமரத்தடியில் ஒரு பெண் அம்பு தைத்துச் செத்துக் கிடக்கிறாள். பக்கத்தில் வில்லோடு ஒரு வேடன். கணவன் அவனைப் பிடித்துப் பாண்டியனிடம் இழுத்து வருகிறான். ஊர் பார்த்த அளவில் வழக்கு முடிந்தது. குலோத்துங்க பாண்டியன் தீர்ப்பை நிறுத்தி வைக்கிறான். வேடன் முகத்தில் கொலை செய்தவன் குறி இல்லை என்பதுதான் அவன் ஐயம். மரத்தில் என்றோ சிக்கியிருந்த அம்பு காற்றில் விழுந்தது என்ற உண்மை பிறகு தெரிகிறது. அதைச் சொல்வது எமனின் தூதர்கள். நாக்ஸ் பாதிரியார் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் கண்ணால் பார்த்தது சாட்சியாகாது, சூழ்நிலை பொய் சொல்லும், அவசரத் தீர்ப்பு பழியில் முடியும் என்பவைதானே துப்பறியும் கதையின் அடித்தளம்? அது மதுரைத் தல புராணத்திலேயே இருக்கிறது. அதே மதுரையிலிருந்து எழுதி, 2024-இல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன், காவல் தெய்வத்தின் குதிரைக் குளம்பொலியையும் மனநோயையும் ஒரே முடிச்சில் கட்டி 'விடாது கருப்பு' தொலைக்காட்சித் தொடரை எழுதினார். எந்த ஊர்க் கப்பலில் வந்தது அது?

ஐந்து. வடசென்னையில் மர்மம் இல்லை என்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. இது எங்கள் பகுதியைப் பற்றிய அறியாமை. எங்களுக்கு இழைக்கும் அநீதியும்கூட. இங்குள்ள மனிதர்களுக்குக் கத்தி மட்டும்தான் தெரியும், யோசிக்கத் தெரியாது, மறைக்கத் தெரியாது, இங்கே கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை என்று அதற்குப் பொருள்.

1952 ஆகஸ்டில் நடந்த ஆளவந்தார் கொலையை எடுத்துக்கொள்ளுங்கள். தலையில்லாத உடல் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் தனுஷ்கோடி போகும் போட் மெயிலில் பயணம் செய்து மானாமதுரையில் கண்டெடுக்கப்பட்டது. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இரண்டும் ஒரே ஆளுடையவை என்று நிறுவியது சென்னை மருத்துவக் கல்லூரியின் தடயவியல் அறிவு. கொலை நடந்த வீடு ராயபுரத்தில். தெருவுக்கு எல்லாம் தெரியும் என்றால் இத்தனை பாடு எதற்கு? வழக்கை விசாரித்த நீதிபதி ஏ.எஸ். பஞ்சாபகேச ஐயர் கதைகளும் நாடகங்களும் எழுதியவர். குற்றவாளிகள் இருவரில் ஒருவருக்கு ஏழாண்டு, மற்றவருக்கு மூன்றாண்டு என்று அவர் கொடுத்த தண்டனை, செத்தவன் எப்படிப்பட்டவன் என்பதையும் எடை போட்ட தண்டனை. யார் செய்தது என்பதோடு நிற்காமல், ஏன், எவ்வளவு பழி என்பதுவரை போகிற நாவல் ஒன்று அந்தத் தீர்ப்புக்குள் இருக்கிறது.

பழைய கதை வேண்டாம் என்றால் அண்மைக்கு வாருங்கள். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் கசியவில்லை என்பதுதான் முதலில் வந்த அறிவிப்பு. பிறகு கரையில் ஆட்கள் வாளி வாளியாக அள்ளியதை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்கு வந்து படகிலும் வலையிலும் ஒட்டிக்கொண்டது. எங்கிருந்து வந்தது? முதல் நாட்களில் அதுதான் கேள்வி. மறுப்பு வந்தது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எண்ணெய் வந்த பாதையில் பின்னோக்கிப் போய் மணலி சுத்திகரிப்பு ஆலை வளாகத்தைக் காட்டியது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவு பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் ஓடினார்கள். மூன்று வாரத்துக்கு முன் வீசிய புயலில் புரண்ட பாறைகள் குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று ஆய்வுக் குழு சொன்னது. காரணம் முதல் அத்தியாயத்தில் கிடந்தது, விளைவு கடைசியில் வெடித்தது. மர்ம நாவல் எழுதுகிறவருக்கு இந்த அமைப்பு புதிதல்ல.

இரவு ஒரு மணிக்கு நெடி வந்து கண் எரியும்போது எங்கள் தெருவில் எல்லோரும் கேட்பது "எவன் திறந்து விட்டான்?" என்பதுதான். போன் செய்தால் எங்கேயும் ஒரே பதில்: "எங்ககிட்ட இல்லைங்க." விடிந்ததும் காற்று திரும்பிவிடும், தடயம் போய்விடும். கொசஸ்தலையாற்றில் பூண்டித் தண்ணீர் பெருகி 2021 நவம்பரில் புதுநகர் முழங்கால் ஆழம் மூழ்கியபோதும் இதே வகைக் கேள்விதான்: எப்போது திறந்தார்கள், யாருக்குச் சொன்னார்கள், யாருக்குச் சொல்லவில்லை? குற்றம் நடந்திருக்கிறது, பாதிக்கப்பட்டவர் இருக்கிறார், பொய் வாக்குமூலம் இருக்கிறது, அழிந்துபோகும் தடயம் இருக்கிறது. இதை விசாரிக்கும் வடிவம் இலக்கியத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதைத் தரம் தாழ்ந்தது என்று ஒதுக்கிவிட்டு, எங்கள் பகுதிக்கு அரிவாளும் கத்தியும் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

ஆறு. ஒதுக்கியதன் விலையை யார் கொடுத்தது? இலக்கியப் பத்திரிகை மர்ம நாவலுக்கு மதிப்புரை எழுதாது. எழுதினாலும் வகையைப் பற்றிப் பேசுமே தவிர, இந்த நாவலில் மூன்றாம் சாட்சியின் நேரக் கணக்கு இடிக்கிறதே என்று கேட்காது. வாசகர் கடிதத்தில் "விறுவிறுப்பு" என்ற ஒரே சொல். பாராட்டுக்கும் பழிக்கும் நடுவே, கையைப் பிடித்துத் திருத்துகிற பேச்சு ஒன்று உண்டு. கவிஞருக்கு அது கிடைக்கிறது, சிறுகதைக்காரருக்குக் கிடைக்கிறது. துப்பறியும் நாவல் எழுதுகிறவர் நாற்பது ஆண்டு அது இல்லாமலே எழுதினார். பிறகு, அவர் வளரவில்லை என்று தீர்ப்பு எழுதினார்கள். சுபா என்ற பெயரில் எழுதிய இருவரின் திறமையைக் கண்டுகொண்டது சினிமா. 'அயன்', 'கோ' படங்களுக்கு அவர்கள் எழுத்து போனது. தமிழ் மர்மக் கதைகளைத் தொகுத்து, எழுதியவர்களின் வாழ்க்கைக் குறிப்போடு மரியாதையாக வெளியிட 2008-இல் சென்னையிலேயே ஒரு ஆங்கிலப் பதிப்பகம் முன்வர வேண்டியிருந்தது.

வங்காளத்தில் இப்படி நடக்கவில்லை. சரதிந்து பந்தோபாத்யாய் 1932-இல் வ்யோம்கேஷைப் படைத்தார், சத்யஜித் ராய் 1965-இல் ஃபெலுடாவை. இருவரையும் இலக்கியத்தின் வாசலுக்கு வெளியே யாரும் உட்கார வைக்கவில்லை. ஜப்பானில் ஹிகாஷினோ கெய்கோவின் மர்ம நாவலுக்கு அந்நாட்டின் புகழ்பெற்ற நவோக்கி பரிசையே கொடுத்தார்கள். தமிழிலும் ஒரு விலக்கு உண்டு: ஜெயமோகன் 'பத்துலட்சம் காலடிகள்' எழுதி ஔசேப்பச்சன் என்ற போலீஸ் அதிகாரியைத் துப்பறிய விட்டபோது, இலக்கிய வாசகர்கள் அதைக் கருத்தூன்றிப் படித்தார்கள், வரிவரியாக விவாதித்தார்கள். மிகச் சரியான செயல். நல்ல கதை அது. அப்படியானால் குறை வடிவத்தில் இல்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். அட்டையில் இருந்த பெயரை வைத்துத்தான் படிப்பதா, வேண்டாமா என்று முடிவு செய்திருக்கிறீர்கள்.

அந்தக் கதைக்குக் கேட்ட கேள்விகளை எல்லாக் கதைக்கும் கேளுங்கள். துப்பு வாசகர் கண்முன் வைக்கப்பட்டதா? சாட்சி பொய் சொன்னதற்கு அவர் வாழ்க்கையில் காரணம் இருக்கிறதா? ஊர் உண்மையான ஊரா, எந்த ஊருக்கும் பொருந்துகிற அரங்கமா? செத்தவர் மனிதரா, கதை தொடங்கத் தேவைப்பட்ட பிணமா? இந்த மாதம் பஸ் நிலையக் கடையில் தொங்குகிற நாவலை வாங்கி இவற்றைக் கேட்டு, தேறவில்லை என்றால் எந்தப் பக்கத்தில் தவறியது என்று அச்சில் போடுங்கள். எழுதியவர் அதைப் படிப்பார். அடுத்த நாவலின் முதல் ஃபாரம் அச்சுக்குப் போவதற்குள் படித்துவிடுவார்.